பூனைக்கும் இன்சுலின் உண்டு. சிரிஞ்சின் மூடி நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14, உலக நீரிழிவு நாளையொட்டித் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் வந்த சிறப்புப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். பாதப் பராமரிப்பு, கண் பரிசோதனை, கர்ப்பகாலச் சர்க்கரை என்று மனிதர்களுக்கு வேண்டியவை எல்லாம் அவற்றில் இருந்தன. அதே நோய் வீட்டில் வளரும் பூனைக்கும் வரும் என்பதையும், வந்தால் இன்சுலின் போட்டு அதை நல்லபடியாக வாழவைக்க முடியும் என்பதையும் ஒரு பத்தியிலாவது சேர்த்திருக்கலாம் என்று தோன்றியதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அந்த நாள் பிரெடெரிக் பான்டிங்கின் பிறந்தநாள். அவரும் சார்லஸ் பெஸ்டும் 1921இல் டொரண்டோவில் கணையச் சாற்றை முதலில் நாய்களுக்கே செலுத்திப் பார்த்தார்கள். 1922 ஜனவரியில்தான் அது ஒரு சிறுவனின் உடலுக்குள் சென்றது. விலங்குகளின் வழியாக நமக்குக் கிடைத்த மருந்து விலங்குகளுக்கும் திரும்பக் கிடைப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள், செல்லூரில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் வளரும் பத்து வயது ஆண் பூனைக்குக் கடந்த ஆண்டு நீரிழிவு இருப்பது தெரியவந்து, கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் காலையும் மாலையும் இன்சுலின் போட்டு வருகிறோம். இந்தச் செய்தி அக்கம்பக்கத்தில் பரவியதிலிருந்து, தங்கள் பூனைக்கும் சர்க்கரை என்று சொல்லிக்கொண்டு பலர் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் இரண்டு விதமான மனநிலையைக் காண்கிறேன். பூனைக்குப் போய் தினமும் ஊசி போட்டுக்கொண்டிருக்க முடியுமா, அதன் விதிப்படி விட்டுவிடலாம் என்பது ஒன்று. தாத்தாவுக்கு வாங்கிய இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, அதிலேயே கொஞ்சம் எடுத்துப் போட்டுவிடலாம் என்பது மற்றொன்று. முதலாவது பூனையைச் சில மாதங்களில் கொல்லும். இரண்டாவது ஒரே இரவில் கொன்றுவிடக்கூடும். நோய் உறுதியான பூனைக்கு இன்சுலினைத் தாமதிக்காமல் தொடங்க வேண்டும், ஆனால் மிகச் சிறிய அளவில், சரியான சிரிஞ்சில், எழுத்தில் உள்ள அறிவுரைப்படி தொடங்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே விரும்புகிறேன்.

நோயை முதலில் காட்டிக்கொடுப்பது தண்ணீர்க் கிண்ணம். நம் ஊர்ப் பூனைகளில் பல வெளியே போய் மண்ணில் சிறுநீர் கழித்துவிட்டு வருவதால், அது எவ்வளவு போகிறது என்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை. ஆனால் கிண்ணம் காலியாவது கண்ணில் படும். ஒரு நாளில் உடல் எடையின் கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது 4 கிலோ பூனை 400 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால், காரணம் என்ன என்று பரிசோதித்தே ஆக வேண்டும். முன்னைவிட அதிகமாகத் தின்றும் முதுகெலும்பு தெரிய இளைப்பது, மணல் தட்டில் கட்டி கட்டியாக ஈரம் சேர்வது, சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பது ஆகியவையும் அடையாளங்கள். நோய் முற்றினால் நரம்பு பாதிக்கப்பட்டு, விரல்களை ஊன்றி நடக்க வேண்டிய பூனை, பின்னங்கால்களின் குதிப்பகுதி தரையில் படப் படிந்து நடக்கும். இதை வயதாகிவிட்டதால் வந்த தளர்ச்சி என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஏழெட்டு வயதைத் தாண்டியவை, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகள், உடல் பெருத்தவை, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடப்பவை, தோல் அரிப்புக்காக அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டவை ஆகியவற்றுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். இதைப் படித்துவிட்டுக் கருத்தடையே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். அதற்குப் பின் தீனியின் அளவைக் குறைத்து, எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சிறுநீரக நோயிலும் தைராய்டு கோளாறிலும் இதே தாகம் உண்டு என்பதால், தாகத்தை மட்டும் வைத்துச் சர்க்கரை என்று சொல்லிவிடவும் முடியாது.

பரிசோதனையிலும் பூனைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆரோக்கியமான பூனையின் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 80 முதல் 120 வரை இருக்கும். ஆனால் அதைக் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் மருத்துவமனை வராந்தாவில் அரைமணி நேரம் காத்திருக்க வைத்தால், பயத்தினாலேயே அது 300ஐக்கூடத் தாண்டிவிடும். ஆகவே ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு இன்சுலினைத் தொடங்குவது சரியல்ல. வீட்டில் பிடித்துக் கொண்டுபோன சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் ஃப்ரக்டோசமின் என்ற பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும். கடந்த ஓரிரு வாரங்களாகச் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அது காட்டும். அன்றைய பயம் அதில் தெரியாது. சிறுநீரில் கீட்டோன் (சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) இருந்தாலோ, பூனை தீனியை விட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாலோ நிலைமை வேறு. அப்போது வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. உடனே மருத்துவமனையில் சேர்த்து இரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிய அவசரநிலை அது.

ஊசிக்குப் பதிலாக மாத்திரை கொடுக்கக்கூடாதா என்பது என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. மனிதர்களுக்கான பழைய மாத்திரைகளில் கிளிப்பிசைடு சில பூனைகளில் மட்டுமே பலன் தருகிறது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின், 2023இல் வெலாகிளிஃப்ளோசின் என்று பூனைகளுக்கென்றே இரண்டு வாய்வழி மருந்துகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. அவையும் இதுவரை இன்சுலின் போடப்படாத, மற்றபடி ஆரோக்கியமாக உள்ள பூனைகளுக்கே; சர்க்கரை அளவு சரியாக இருப்பதுபோல் காட்டும்போதே உடலில் கீட்டோன் ஏறிவிடும் ஆபத்தும் அவற்றில் உண்டு. வீட்டுப் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலினே முதல் மருந்து.

எந்த இன்சுலின் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பூனையின் உடல் இன்சுலினை விரைவாகச் செலவழித்துவிடுவதால், மனிதர்களுக்கு நம் மருந்தகங்களில் அதிகம் விற்கும் 30/70 கலவை இன்சுலின் அதன் உடலில் நீண்ட நேரம் நிற்பதில்லை. அதனால் நீண்ட நேரம் செயல்படும் கிளார்ஜின் வகையை இன்று பல மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மனிதர்களுக்கு நாளுக்கு ஒருமுறை போடப்படும் அதே கிளார்ஜினைப் பூனைக்கு 12 மணி நேர இடைவெளியில் இருமுறை போட வேண்டியிருக்கிறது. தாத்தாவுக்கு ஒரு ஊசி, பூனைக்கு இரண்டு ஊசியா என்று வீட்டில் வியப்பார்கள், காரணம் இதுதான்.

இனி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தகத்தில் நின்றவள் என்ற முறையில் நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் இன்சுலின் ஒரே அடர்த்தியில் விற்கப்படுவதில்லை. சாதாரண இன்சுலினும் 30/70 கலவையும் கொண்ட குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் அடர்த்தியில் வருகின்றன; அவற்றுக்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. கிளார்ஜின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் அடர்த்தியில் வருகிறது. அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. இதே கிளார்ஜின் 300 யூனிட் அடர்த்தியில் பேனா வடிவ ஊசியாகவும் விற்பனையில் இருக்கிறது என்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு என்பது 0.025 மில்லிலிட்டர், ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அதே ஒரு யூனிட் 0.01 மில்லிலிட்டர். ஆகவே 100 யூனிட் கிளார்ஜினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ‘ஒன்று’ என்ற கோடு வரை இழுத்தால், பூனையின் உடலில் ஏறுவது இரண்டரை யூனிட். ‘இரண்டு’ வரை இழுத்தால் ஐந்து யூனிட். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் ஒரு யூனிட் இழுத்தால் ஏறுவது 0.4 யூனிட் மட்டுமே. மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்கு அது வழிவகுக்கும். எழுபது கிலோ மனிதர் இருபது யூனிட் போட்டுக்கொள்ளும்போது ஒன்றரை யூனிட் கூடினால் தாங்கிக்கொள்ளலாம். ஒரு யூனிட்டில் தொடங்கும் 4 கிலோ பூனையால் அது முடியாது.

மருந்துக் கடையில் இது எப்படி நடக்கிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு பெண், பூனைக்கென்று எழுதப்பட்ட கிளார்ஜினை வாங்கிக்கொண்டு, “தம்பி, அப்படியே ஊசியும் குடுங்க” என்றார். கடையில் இருந்தவர் அதிகம் விற்பனையாகும் சிவப்பு மூடிச் சிரிஞ்சையே எடுத்து வைத்தார். அவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை, ஏனென்றால் சீட்டில் மருந்தின் பெயரும் ஒரு யூனிட் என்பதும் மட்டுமே இருந்தன. எந்தச் சிரிஞ்சு என்பது இல்லை. அருகில் நின்றிருந்ததால் மாற்றி வாங்கச் சொன்னேன். இதைத் தற்செயலுக்கு விட்டுவைக்கக்கூடாது. சீட்டில் மருந்தின் பெயர், 40 அல்லது 100 என்ற அடர்த்தி, சிரிஞ்சின் வகை, மூடியின் நிறம், எத்தனை யூனிட், எந்த நேரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதித் தருமாறு மருத்துவர்களை வேண்டிக்கொள்கிறேன். அவர்கள் எழுதாவிட்டால் நாமே கேட்டு எழுதி வாங்க வேண்டும். 30 யூனிட் மட்டும் கொள்ளும், அரை யூனிட் கோடு போட்ட 100 யூனிட் சிரிஞ்சு கிடைத்தால் அதுவே பூனைக்கு மிகவும் ஏற்றது. அளவு சிறியதாக இருப்பதால் கோடுகள் நெருக்கமாக உள்ள பெரிய சிரிஞ்சில் தவறு நேரும். குறைந்த அளவு வேண்டும் என்பதற்காகக் கிளார்ஜினில் தண்ணீரோ வேறு இன்சுலினோ கலக்கக்கூடாது. கலந்தால் அதன் நீண்ட நேரச் செயல்பாடே கெட்டுவிடும்.

எந்த அடர்த்தியாயினும், தொடக்க அளவு சிறியது. பூனையின் எடையில் கிலோவுக்குக் கால் யூனிட் முதல் அரை யூனிட் வரை என்பது வழக்கமாக ஏற்கப்பட்ட கணக்கு. பெரும்பாலான பூனைகளுக்கு ஒரு வேளைக்கு ஒரு யூனிட் என்றுதான் தொடங்குகிறார்கள், எடுத்த எடுப்பிலேயே இரண்டைத் தாண்டுவதில்லை. அப்படித் தொடங்கிய மூன்றாம் நாளே சர்க்கரை இறங்கவில்லையே என்று பதறி அளவைக் கூட்டுவதுதான் வீட்டாருக்கு எழும் ஆசை. கிளார்ஜின் முழுப் பலனைக் காட்டச் சில நாட்கள் ஆகும். ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் அளவைக் கூட்டுவதில்லை என்பது பொதுவான நடைமுறை. ஒன்று, இரண்டு வாரம் கழித்து, ஊசிக்கு முன்பும் பின்பும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்து, 12 மணி நேரத்தில் அது எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்று வரைந்து பார்த்த பின்னரே மருத்துவர் அளவை மாற்றுவார். மிகத் தாழ்ந்த அளவு 80க்கும் 150க்கும் இடையில் இருப்பது விரும்பத்தக்கது.

இந்தப் பரிசோதனையை வீட்டிலேயே செய்வது நல்லது. பயத்தால் ஏறும் சர்க்கரை அங்கே குறுக்கிடுவதில்லை. காதின் ஓரத்து இரத்தக்குழாயின் அருகே வெதுவெதுப்பான துணியால் ஒற்றிவிட்டு, மெல்லிய ஊசியால் குத்தினால் ஒரு துளி வரும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரின் ஸ்ட்ரிப்புக்கு அது போதும். ஆனால் மனிதர்களுக்கான கருவி, பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டும். ஆகவே எந்தக் கருவியில் பார்த்தோம் என்பதையும் ஏட்டில் குறித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கருவியைப் பயன்படுத்த வேண்டும். மாதந்தோறும் எடையையும் தண்ணீர்க் குடிப்பையும் குறிப்பது, பல சமயங்களில் இயந்திரம் காட்டும் எண்ணைவிட அதிகம் சொல்கிறது.

ஊசி போடுவதைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பூனை அதைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. அது தின்றுகொண்டிருக்கும்போது விலாப் பக்கத்துத் தோலைச் சற்று உயர்த்திக் கூடாரம்போல் பிடித்து, ஊசியை அந்த மடிப்புக்குள் செலுத்தி, மருந்தை மெதுவாக இறக்கினால் முடிந்தது. பிடரித் தோலில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் விலாவிலோ தொடைக்கு முன்னாலோ இடம் மாற்றி மாற்றிப் போடுவது நன்று. எங்கள் பூனையின் உணவு நேரமும் ஊசி நேரமும் காலை ஆறும் மாலை ஆறும்தான்; கிண்ணத்தை வைக்கும் ஓசை கேட்டதும் அதுவே வந்து நிற்கிறது. போட்ட இடத்தில் ரோமம் நனைந்து மருந்து வாசனை வந்தால், மருந்து வெளியே சிந்தியிருக்கலாம். அதற்காக மறுமுறை போடவே கூடாது. உள்ளே போனதா இல்லையா என்ற சந்தேகம் எழும் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டு அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே விதி. ஒரு வேளை தவறினால் சர்க்கரை சற்று ஏறும். இரண்டு தடவை போட்டால் உயிருக்கே ஆபத்து.

தீனியைத் தொடாத பூனைக்கு வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்துபோனால் பூனை தள்ளாடும், நடுங்கும், வெறித்துப் பார்க்கும், எங்காவது ஒளிந்துகொண்டு கூப்பிட்டால் வராது. முற்றினால் வலிப்பு வரும். இந்த அறிகுறி தெரிந்தாலோ, கருவியில் 60க்குக் கீழே காட்டினாலோ, விழிப்புடன் இருந்தால் உடனே தீனி கொடுக்க வேண்டும். தின்னாவிட்டால் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ விரலால் ஈறில் தடவ வேண்டும். நினைவில்லாத பூனையின் வாயில் திரவம் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வலிப்பின்போது விரலை வாய்க்குள் விடவும் கூடாது, ஈறின் வெளிப்புறத்தில் தடவினால் போதும். தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். இன்சுலின் இருக்கும் வீட்டில், தேன் பாட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

உணவைப் பற்றி நம் ஊரில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. பாலும் தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் பூனையின் சொந்த உணவல்ல. அது பிறவியிலேயே மாமிச உண்ணி, மாவுச்சத்தைச் சமாளிக்கும் திறன் அதற்குக் குறைவு. கடையில் விற்கும் காய்ந்த தீனி உருண்டைகள் பலவற்றிலும் மாவுச்சத்து கணிசமாக உண்டு. மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த உணவு இன்சுலினுக்குப் பக்கபலமாக நிற்கும். கோழி இறைச்சியையோ மீனையோ உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் வெறும் மீனை மட்டுமே காலமெல்லாம் கொடுத்தால் டாரின், கால்சியம் முதலிய சத்துகளில் குறை ஏற்படும் என்பதால் உணவுப் பட்டியலை மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெறுவது நல்லது. கருவாடு உப்பு மிகுந்தது, வேண்டாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றை ஒரேயடியாக நிறுத்தி இறைச்சிக்கு மாற்றினால் இன்சுலின் தேவை சட்டென்று குறையும், பழைய அளவையே போட்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். உணவை மெல்ல மாற்ற வேண்டும், மாற்றுவதை மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு மாற்ற வேண்டும். மதில் தாண்டிப் போய் நான்கு வீடுகளில் சாப்பிட்டு வரும் பூனையாக இருந்தால், அக்கம்பக்கத்தாரிடம் பேசி வைக்கவோ, பூனையை வீட்டுக்குள் வைத்திருக்கவோ வேண்டியிருக்கும். அப்படிப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; எங்கள் தெருவில் எல்லோரும் ஒத்துழைத்தார்கள்.

மதுரையின் வெயிலுக்கு இன்சுலின் தாங்காது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், பேருந்தில் வெறும் பையில் வைத்து எடுத்து வந்த மருந்தை நம்ப முடியாது. திறக்காத மருந்து ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைபெட்டிக்குள்ளோ அதை ஒட்டியோ வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால், உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் அதை எறிந்துவிட வேண்டும். கதவுத் தட்டில் வைத்தால் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் குலுங்கும், சூடேறும்; நடுத்தட்டே நல்லது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில், கதவைத் திறக்காமல் இருந்தாலே பெரும்பாலும் போதும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் ஈர மணலின் மேல் வைத்த மண்பானை, பெரியவர்களின் இன்சுலினுக்குச் செய்வது போலவே உதவும். கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் பயன்படுத்தக்கூடாது. பத்து மில்லிலிட்டர் குப்பியை வாங்குவதைவிட 3 மில்லிலிட்டர் கார்ட்ரிட்ஜை (இன்சுலின் பேனாவில் பொருத்தும் சிறு குப்பியை) வாங்குவது பூனை வளர்ப்பவருக்கு ஏற்றது, ஏனென்றால் அதிலேயே 300 யூனிட் இருக்கிறது. வேளைக்கு ஒரு யூனிட் என்றால் மாதத்துக்கு 60 யூனிட்தான் செலவாகும். திறந்த மருந்தை எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தேதியை அட்டையிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

நாளுக்கு இரண்டு வேளை என்பது குடும்பத்தை ஓர் ஒழுங்குக்குள் கட்டிவைக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைப் பாலங்களைக் கடந்து வீடு திரும்புவதே பெரும்பாடு. ஊர்க் கல்யாணத்துக்குப் போனால் இரவு தங்கச் சொல்வார்கள். ஆகவே வீட்டில் இரண்டு பேராவது ஊசி போடக் கற்றுக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து வைக்க வேண்டும். எங்கள் தெருவில் செவிலியர் படிப்புப் படிக்கும் ஒரு பெண் அந்தப் பொறுப்பை மனமுவந்து ஏற்றிருக்கிறாள். பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் அப்படியே போடாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களின் கையில் அது குத்துவதற்கு நாம் காரணமாகிவிடக்கூடாது.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, பூனையின் நீரிழிவில் இருக்கும் ஒரு நல்ல செய்தியைச் சொல்ல வேண்டும். நாய்க்கு நீரிழிவு வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் இன்சுலின் வேண்டும். பூனையின் நோயோ பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரையை ஒத்தது. உயர்ந்த சர்க்கரையால் களைத்துப்போன கணையத்துக்குத் தொடக்கத்திலேயே இன்சுலின் கொடுத்து ஓய்வளித்தால், அது மீண்டும் வேலை செய்யத் தொடங்கி, இன்சுலினே தேவைப்படாத நிலைக்குப் பல பூனைகள் வருகின்றன. கிளார்ஜினுடன் மாவுச்சத்து குறைந்த உணவும், வீட்டிலேயே நெருக்கமான கண்காணிப்பும் சேர்ந்த முறையைப் பற்றி 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் தெரிந்த ஆறு மாதங்களுக்குள் அந்த முறையைத் தொடங்கிய பூனைகளில் 84 விழுக்காடு அந்த நிலையை எட்டின. அதற்குப் பிறகு தொடங்கியவற்றில் 35 விழுக்காடுதான். எல்லாப் பூனைக்கும் இது நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எங்கள் பூனைக்கு இன்னும் நடக்கவில்லை, ஆயினும் அது எடை கூடி, மாடிப்படி ஏறி, மதில்மேல் உட்கார்ந்திருக்கிறது. தாமதம் எவ்வளவு விலை கேட்கிறது என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன என்பதற்காகவே அவற்றை எடுத்துச் சொன்னேன். குணமடையும் வாய்ப்பு இருப்பதால், சர்க்கரை தாழ்கிறதா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதும் அவசியமாகிறது. தேவை குறைந்ததைக் கவனிக்காமல் பழைய அளவைப் போடுவதும் ஆபத்தே. பல்லிலும் ஈறிலும் சீழ் இருந்தாலோ, சிறுநீர்த் தொற்று இருந்தாலோ இன்சுலின் சரியாக வேலை செய்யாது என்பதால் அவற்றையும் உடன் கவனித்தாக வேண்டும்.

மதுரையிலும் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலும் உள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைகள் ஆட்டையும் மாட்டையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்காக இரவும் பகலும் உழைக்கின்றன. அவற்றின் பணிச்சுமையை நான் அறிவேன். அதற்கிடையிலும் இரண்டு சிறிய ஏற்பாடுகளைச் செய்து தருமாறு கால்நடை பராமரிப்புத் துறையை இந்தக் கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நீரிழிவு உறுதியான பூனையின் வீட்டாருக்கு, சிரிஞ்சின் வகை, தொடக்க அளவு, சர்க்கரை தாழ்ந்தால் செய்ய வேண்டியது, இரவில் அழைக்கத்தக்க தொலைபேசி எண் ஆகியவை அடங்கிய ஒரு பக்கத் தமிழ்த் தாளை மருந்துச் சீட்டுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலாவது வாரத்தில் ஒரு மாலை, வெறும் உப்புநீரை வைத்து ஊசி போடவும் காதில் இரத்தம் எடுக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அத்தகைய வகுப்புக்கு ஓய்வுபெற்ற மருந்தாளுநர்களும் செவிலியர்களும் ஊதியம் இல்லாமலே வந்து உதவ முன்வருவார்கள்; அவர்களில் நானும் ஒருத்தி. தனியார் மருந்துக் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு: கிளார்ஜின் கேட்டு வருபவரிடம் அது யாருக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள், ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சை வெளியே எடுத்து அதன் கோட்டைக் காட்டி விளக்கிவிட்டுக் கொடுங்கள்.

தங்கள் நாளிதழ் அடுத்த முறை நீரிழிவுச் சிறப்புப் பக்கங்களை வெளியிடும்போது, கால்நடை மருத்துவர் ஒருவரின் கட்டுரையையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
செல்லூர், மதுரை.